வேலை உத்தரவாதம் என்று சொல்லி நிதித்துறைப் பயிற்சி விற்றவர்களிடம் நான் ஏமாந்த விதம்

முதலீட்டு வங்கிகள் ஆள் எடுக்கத் தேடி வரும் கல்லூரிகளின் வரிசையில் என் கல்லூரி இல்லை. பட்டம் வாங்கிய பின் அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வராத நிலையில், "கல்லூரியின் பெயர் தேவையில்லை, ஆறு மாதத்தில் வேலை உறுதி" என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். இதே முறையில் தொழில் நடத்துவோர் பலர் இருப்பதால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு முறையை மட்டும் எழுதுகிறேன்.

சேர்க்கைக்காகத் தொலைபேசியில் பேசிய ஆலோசகர் என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. கல்லூரியின் பெயரைக் கேட்டார். சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் உங்களுக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை, சார்" என்றார். அந்த மௌனம் பயிற்சி கொடுத்துப் பழக்கிய மௌனம் என்பது, அங்கேயே சேர்ந்த மற்ற இருவரிடமும் அவர் அதே இடத்தில் அதேபோல நிறுத்தியிருந்தார் என்று அறிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கட்டணத்தை மாதத் தவணையாகக் கட்டலாம் என்றார்கள். கைபேசிக்கு வந்த ஓடிபியை நான் சொன்ன கணத்தில் நடந்தது என்னவென்றால், ஒரு கடன் நிறுவனம் என் பெயரில் கடன் வழங்கி, முழுத் தொகையையும் பயிற்சி நிறுவனத்திடம் செலுத்திவிட்டது. மூன்றாம் மாதத்தில் நான் விலக நினைத்தபோது வகுப்பைத்தான் நிறுத்த முடிந்ததே தவிர, தவணையை நிறுத்த முடியவில்லை. ஒப்பந்தத்தையும் அப்போதுதான் முழுமையாகப் படித்தேன். விளம்பரத்தில் "வேலை உறுதி" என்று இருந்தது அதில் "வேலை தேட உதவி" என்று மாறியிருந்தது; அவர்கள் ஏற்பாடு செய்யும் நேர்காணல் எதையேனும் ஒருமுறை மறுத்தாலும் பணம் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும் என்றும் ஒரு வரி இருந்தது.

வேறு வழியின்றி வகுப்புக்குத் திரும்பினேன். நிதி மாதிரி உருவாக்கம், அதாவது ஒரு நிறுவனத்தின் கணக்குகளை எக்செலில் சூத்திரங்களாகக் கட்டுவது, என்ற பாடத்தில் எக்செல் கோப்பு ஒன்றைக் கொடுத்து, அதில் எண்களை நிரப்பச் சொன்னார்கள். எந்த எண்ணை இட்டாலும் இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கங்களும் (ஒரு பக்கம் சொத்துகள், மறுபக்கம் கடன்களும் உரிமையாளர்களின் பங்கும்) சரியாகப் பொருந்தி, கீழே ஒரு கட்டம் பச்சையாக ஒளிரும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பின்னர் ஒரு நேர்காணலில், வரி விகிதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, தேய்மானம் (இயந்திரம், கட்டடம் போன்ற சொத்துகளின் மதிப்புக் குறைவைச் செலவாகக் காட்டுவது) 10 கூடினால் லாப நட்டக் கணக்கு, பணப்பாய்வு அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும் என்று கேட்டார்கள். இத்துறையின் தொடக்கநிலை நேர்காணல்களில் இதைவிட வழக்கமான கேள்வி இல்லை. வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரியில் 3 மிச்சமாகும், ஆகவே நிகர லாபம் 7 குறையும். தேய்மானத்தில் ரொக்கம் வெளியே போவதில்லை என்பதால் பணப்பாய்வு அறிக்கையில் அந்த 10 திரும்பக் கூட்டப்பட்டு, கையிருப்பு 3 உயரும். நிலையான சொத்து 10 குறைந்து ரொக்கம் 3 கூடுவதால் மொத்தச் சொத்து 7 குறையும், எதிர்ப்பக்கத்தில் தக்கவைத்த வருவாயும் (பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் சேர்த்துவைத்த லாபம்) அதே 7 குறையும். ஆறு மாதம் பணம் கட்டிப் படித்த எனக்கு இதன் முதல் வரியைத் தாண்டிச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்து, கட்டம் கட்டமாகச் சொடுக்கிப் பார்த்தேன். கடன்கள் பகுதியில் "இதரவை" என்ற வரிசையின் சூத்திரம், மொத்தச் சொத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழித்து மிச்சத்தை அங்கே நிரப்பும்படி எழுதப்பட்டிருந்தது. தவறு எங்கே இருந்தாலும் அந்த வரிசை அதை விழுங்கிவிடும். பச்சை விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

இறுதியில் அவர்கள் காட்டிய "நிதித்துறை வேலை", கடன் அட்டை வாங்கச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கும் வேலை; நிலையான சம்பளம் இல்லாமல், விற்பனைக்கு ஏற்ற தரகு மட்டும். உரிமையை இழக்காமல் இருக்கச் சேர்ந்து, மூன்று வாரத்தில் விலகினேன். வேலை பெற்றவர்களின் பட்டியலில் என் படம் ஏறிவிட்டதால் பணம் திரும்பவில்லை. அவர்கள் கொடுத்த சான்றிதழை வழங்கும் அமைப்பு எது என்று வேலைக்கு ஆள் எடுக்கும் ஒருவர் கேட்டபோது, அந்த நிறுவனமே என்றுதான் சொல்ல முடிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க, முதலீட்டுத் துறையினருக்கான சர்வதேசத் தகுதியான சிஎஃப்ஏ (Chartered Financial Analyst) பட்டயத்துக்கான தேர்வு மூன்று நிலைகள் கொண்டது. முதல் நிலையில் 180 கேள்விகள். எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்பது அதற்குத் தகுதி அளவுகோல் அன்று. அதுவும் வேலையைக் கையில் கொடுத்துவிடாது. மூன்று நிலைகளையும் கடந்த பிறகும் பட்டயத்துக்குக் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள். ஆனால் அதை நடத்துவோர் அந்த நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன், நிறுவன மதிப்பீடு குறித்த தம் வகுப்புக் காணொளிகளையும் எக்செல் கோப்புகளையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். அவற்றோடு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, வெற்றுத் தாளிலிருந்து என் சொந்த மாதிரியைக் கட்டியபோது முதல் பதினொரு நாள் இரு பக்கமும் பொருந்தவே இல்லை. அந்தப் பதினொரு நாளில்தான் கணக்கைக் கற்றேன்.

இப்போது ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நேர்காணலில் அந்த மாதிரியைத்தான் காட்டினேன். சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை. கடனில் இன்னும் ஏழு தவணைகள் பாக்கி இருக்கின்றன.