சென்னை வெயிலில் சைக்கிள் ஹெல்மெட்: சில வருட அனுபவம்

வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் கோவளம் வரை, உடம்பு ஒத்துழைத்தால் மாமல்லபுரம் வரை. ஹெல்மெட் போட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. முதலாவது ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சாதா ரகம். இப்போது தலையில் இருப்பது இரண்டாவது, மிப்ஸ் (சாய்வாக அடி விழும்போது நழுவிக்கொடுக்கும் உள் அடுக்கு) உள்ளது, விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பாதி வேர்வைச் சமாச்சாரம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

மார்ச் பிறந்துவிட்டால், காலை எட்டு மணிக்குக் கிளம்பி விஜயநகர் தாண்டுவதற்குள் நெற்றிப் பேட் ஊறிவிடும். ஓட்டிக்கொண்டிருக்கும் வரை தெரியாது, ஓட்டைகள் வழியாகக் காற்று வந்துகொண்டிருக்கும். சிக்னலில் நின்றால்தான் வம்பு. நிற்கும்போது ஹெல்மெட்டின் முன்பக்கத்தை விரலால் லேசாக அழுத்துங்கள். புருவத்துக்கு மேலிருந்து உப்புத்தண்ணீர் பொலபொலவென்று கொட்டும். கண்ணுக்குள் போவதற்கு முன்பே பிழிந்துவிடுவது நல்லது. இந்த ஒரு வித்தையைக் கற்ற பிறகு எனக்குப் பாதி எரிச்சல் குறைந்தது. கர்சீப் கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடுகிறவர்கள் உண்டு. போடலாம், ஆனால் பின்னால் இருக்கும், ஹெல்மெட்டைத் தலையோடு இறுக்கும் திருகைத் தளர்த்தி மறுபடி சரி பார்க்க வேண்டும்.

வாரை மறந்துவிடுவோம். சில மாதத்தில் தாடைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து, நாடா விறைத்துப்போய் கழுத்தை அறுக்கும். வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கையால் அலசி நிழலில் காய வைப்பதுதான் வழி. பேட்டையும் அப்படியே. வாஷிங் மெஷினில் போட்டால் பேட் பிய்ந்துவிடும். அப்புறம் அந்த வாடை. லிஃப்டில் கையில் ஹெல்மெட்டோடு ஏறினால் பக்கத்தில் நிற்பவர் ஒரு அடி தள்ளி நிற்பார். எனக்குப் பழகிவிட்டது, அவருக்குப் பழகவில்லை.

வீட்டில் மனைவிக்கு வேறு பிரச்சினை. கொண்டை போட்டால் பின்திருகு உட்காராது, ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். தாழப் பின்னினால் சரியாக இருக்கிறது. பெண்களுக்கு வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும்போது வழக்கமாகப் பின்னுகிற மாதிரியே பின்னிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்க்கட்டும்.

இனி விழுந்த கதை. நவம்பர் மழை நின்ற ஒரு சாயங்காலம், ஏதோ பள்ளத்தை மூடச் சாலையில் போட்டிருந்த இரும்புத் தகட்டின்மேல் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. இடது முழங்கை, இடுப்பு, அதற்கப்புறம் தலை, இந்த வரிசையில் தரையில் பட்டது ஞாபகம் இருக்கிறது. தலை பட்டது நடுத்தடுப்பின் கல் விளிம்பில். முழங்கைத் தோல் உரிந்து தையல் போட வேண்டியதாயிற்று. தலையில் ஒரு வீக்கம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைப் பார்த்தால் வெளியே ஒரு கீறல், அவ்வளவுதான். பேட்டை உரித்துவிட்டு உள்ளே பார்த்தபோதுதான் தெரிந்தது: காதுக்கு மேலே தெர்மாகோலில் முடி மாதிரி ஒரு விரிசல், விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் நசுங்கிக் கெட்டியாக இருந்தது. அது அப்படி நசுங்குவதற்காகவே செய்த பொருள். ஒருமுறை நசுங்கிவிட்டால் மறுமுறை அடியைத் தாங்காது. வெளியே நன்றாக இருக்கிறதே என்று அதையே மாட்டிக்கொண்டு திரிவதில் பிரயோஜனம் இல்லை, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஹெல்மெட் என் உயிரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க இன்னொரு தலை என்னிடம் இல்லை. மண்டை உடைந்திருக்கும் என்று ஒருவர் சொல்கிறார், வெறும் வீக்கத்தோடு போயிருக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார், இரண்டு பேருமே அங்கே இல்லை. கோவளத்தில் நண்பர்களோடு இட்லி சாப்பிட உட்காரும்போதெல்லாம் இந்தச் சண்டை ஒரு சுற்று வரும்.

சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் சரக்கு இருக்கிறது. 1989ல் அமெரிக்காவின் சியாட்டிலில் மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்றது. ஆதரவாளர்கள் இன்றும் அந்த எண்ணைத்தான் எடுத்து வீசுவார்கள். அது அதிகம் என்று பின்னால் நிறையப் பேர் கேள்வி கேட்டார்கள். 2016ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தலைக்காய வாய்ப்பு சுமார் பாதியாகக் குறைவதாகவும், கடுமையான காயத்தில் அதைவிட அதிகம் குறைவதாகவும் வந்தது. பாதி என்பதே எனக்குப் போதும்.

எதிர்ப்பக்கத்தின் ஆயுதம் இயான் வாக்கர். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர். சைக்கிளில் அளவுக்கருவி மாட்டி, ஹெல்மெட்டோடும் இல்லாமலும் தானே ஓட்டி, பின்னாலிருந்து வரும் வண்டிகள் எவ்வளவு இடைவெளி விட்டு முந்துகின்றன என்று அளந்தார். ஹெல்மெட் போட்டிருந்தால் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன என்று 2007ல் வெளியிட்டார். பின்னாலிருந்து பெண் போலத் தெரிய நீளமான விக் வைத்துக்கொண்டு ஓட்டியபோது அதிக இடம் கிடைத்ததாம். அதே தரவை மறுபடி அலசிய வேறு ஆட்கள், ஆபத்தான அளவுக்கு நெருங்கி வரும் வண்டிகளில் அப்படி ஒரு வித்தியாசமே இல்லை என்றார்கள். நம் ஊர்த் தண்ணீர் லாரி எட்டரை சென்டிமீட்டர் கணக்கெல்லாம் பார்க்கிறதா என்ன?

லாரி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஈஎன் 1078 தரத்துக்கு ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது, சமதளத்தின்மேல் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோத விடுகிறார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம் அது, மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நீங்களாக வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து தலை தரையில் படுவது. எனக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான், அதற்கு ஹெல்மெட் வேலை செய்தது. பின்னாலிருந்து அறுபதில் வருகிற வண்டி இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சோதனையில் பதில் இல்லை. மிப்ஸ் என்பது ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்தது. உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு, சாய்வாக அடி விழும்போது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நழுவி, மூளை முறுக்கிக்கொள்வதைக் குறைக்கும். சைக்கிளில் பெரும்பாலும் சாய்வாகத்தான் விழுகிறோம் என்பதால் அதிகக் காசு கொடுத்தேன். வெயிலில் கூடுதலாகச் சூடாகிறதா என்று கேட்டால், கொஞ்சம், ஆமாம்.

சரி, சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் போடலாமா? இங்கேதான் என் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான், நம்முடையது அதில் வராது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2015 ஜூலை 1 முதல் பைக்குக்குக் கெடுபிடி வந்த மாதிரி சைக்கிளுக்கும் வர வேண்டும் என்கிறார்கள். உலகத்தில் முதலில் இதைச் செய்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990, அதுவும் ஜூலை 1தான். தலைக்காயம் குறைந்தது. ஓட்டுகிறவர்களும் குறைந்தார்கள், முக்கியமாகப் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள். எந்தக் குறைவு எதனால் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். 2010ல் அந்த மாநிலத் தலைநகர் மெல்போர்னில் வாடகை சைக்கிள் வந்தபோது ஹெல்மெட் இல்லாமல் எடுக்க முடியாது என்பதால் மானியத்தில் ஐந்து டாலருக்கு ஹெல்மெட் விற்றுப் பார்த்தார்கள். அப்படியும் கூட்டம் சேராமல் 2019ல் மூடிவிட்டார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது சியாட்டில் கதை. அந்த 85 சதவீதம் பிறந்த அதே ஊர். அங்கே கட்டாய விதி இருந்தது. அபராதச் சீட்டு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தால் வீடில்லாதவர்களும் கறுப்பின மக்களும் அவர்கள் எண்ணிக்கைக்கு மீறி மாட்டியிருந்தார்கள். 2022ல் விதியையே எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் யார் மாட்டுவார்கள்? எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணன் ஒருநாள் கேட்டார்.

“ஏன் தம்பி, சைக்கிளுக்கும் ஹெல்மெட் கேட்டுப் புடிக்கிறாங்களா?”

“இல்லண்ணே, நானாத்தான் போட்டுக்கிறேன்.”

“அப்ப சரி. நம்ம பையன் கேன்ல டீ எடுத்துட்டுப் போறான், அவனைப் புடிச்சா அன்னிக்குச் சம்பாதிச்சது அங்கேயே போயிடும்.”

பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் இப்போது 1,000 ரூபாய். அதில் பாதி வைத்தால்கூட, கேரியரில் கேன் கட்டிப் போகிற பையன், நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும் செக்யூரிட்டி, சித்தாள் வேலைக்குப் போகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை, இவர்கள்தான் கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை லட்ச ரூபாய் சைக்கிளில் ஈசிஆர் போகிற எங்கள் கூட்டத்தில் ஏற்கெனவே எல்லோர் தலையிலும் இருக்கிறது. அதிலும் சிலர் தொப்பியைப் போலப் பின்னால் தள்ளி, நெற்றியைத் திறந்து போட்டிருப்பார்கள், படம் நன்றாக வரும் என்று. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம்தான் இருக்கலாம். வார் இரண்டும் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். கொட்டாவி விட்டால் உச்சியில் ஹெல்மெட் அழுந்த வேண்டும். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எனவே என்னைக் கேட்டால், போடுங்கள், ஆனால் போடாதவரைப் பிடிக்கப் போலீஸை நிறுத்தாதீர்கள். அந்த இரும்புத் தகட்டை ஒழுங்காகப் பதித்திருந்தால் என் முதல் ஹெல்மெட் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவதில் ஒரு குறை: பேட் தேய்ந்துவிட்டது. வாங்கின கடையில் கேட்டால் தனியாக வராது சார், புது ஹெல்மெட்தான் என்றார்கள். பழைய பேட்டை அளவுக்குக் காட்டித் தையல்காரரிடம் மெல்லிய ஸ்பாஞ்சும் பருத்தித் துணியும் வைத்துத் தைத்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டிக்கொண்டேன். தடிமன் மட்டும் பழையது போலவே இருக்கட்டும், ஏறினால் திருகு இறுகாது. வேர்வையை அசலைவிட நன்றாகவே இழுக்கிறது.