முசாரா, க்சாராவா: லெபனான் ஒயினை எதில் தொடங்குவது?

லெபனான் ஒயினைப் பழக நினைப்பவர் கடையில் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவே தயங்கி நிற்பார்: ஷாத்தோ க்சாரா, ஷாத்தோ முசார். இரண்டுக்கும் திராட்சை பெரும்பாலும் விளைவது லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம்; பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் நல்ல குளிர். பழத்தில் இனிப்பு ஏறினாலும் புளிப்பு போய்விடாமல் இருப்பது அதனால்தான். மண் ஒன்றாக இருந்தும் இரண்டின் குணமும் வேறு.

க்சாரா 1857இல் இயேசு சபைத் துறவிகள் ஸாஹ்லே ஊருக்கு அருகே தொடங்கியது. ரோமானியர் காலத்துக் குகைகள்தான் அதன் சேமிப்பு அறைகள். 1973இல் துறவிகள் அதை விற்றுவிட்டார்கள். அதன் 'ரெஸர்வ் து கூவான்' சிவப்பு ஒயினில் சிரா, கபர்னே ஃபிராங், கபர்னே சொவீன்யோன் என்ற மூன்று திராட்சை வகைகளும் கலந்திருக்கும். கறுத்த பழங்களின் வாசம், ஓக் பீப்பாய் தந்த மெல்லிய வனிலா மணம், அளவான துவர்ப்பு. நாவற்பழம் தின்றால் ஈறும் நாக்கும் இறுகுமே, அந்தத் துவர்ப்பை ஒயினில் அடையாளம் கண்டுகொள்ள இதைவிட எளிய பாடம் இல்லை. வெக்கையான ஊரில் இருப்பவர்கள் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்து ஊற்றினால் போதும்.

முசாருக்குப் பொறுமை வேண்டும். 1930இல் கஸ்தோன் ஹோஷார் நிறுவியது. தோட்டம் பெக்காவில், ஆலையோ மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரைப் பக்கமுள்ள காஸிரில். உள்நாட்டுப் போர்க் காலத்தில் திராட்சை லாரிகள் சண்டை நடக்கும் சாலைகளைக் கடந்து வரவேண்டியிருந்தது. 1976இல் ஒயினே செய்ய முடியவில்லை. அப்படியும் அவர் மகன் செர்ஜ் ஹோஷார் விடாமல் செய்துவந்தார்; 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் உலகம் அதைக் கவனித்தது. கபர்னே சொவீன்யோன், சான்சோ, கரின்யான் கலந்த அந்தச் சிவப்பு ஒயின் அறுவடையாகி ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வருகிறது.

முதல் முறை முகர்பவருக்குக் காடியின் சாயல் லேசாகத் தட்டும். தோல், அத்திப்பழம், காய்ந்த மூலிகை என்று வாசம் மாறிக்கொண்டே போகும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். முசாரின் சுபாவமே அதுதான். முதல் நாளே குப்பியை நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். மறுநாள் சில மணி நேரம் முன்னதாக, மண்டி கலங்காமல் வாயகன்ற ஜாடிக்கு மாற்றுங்கள். காற்றுப் பட்ட பிறகுதான் அது பேசத் தொடங்கும்.

உணவு என்று வந்தால் இரண்டுமே ஆட்டிறைச்சிக்குப் பொருத்தம்: கொத்துக்கறியைப் பிடித்துக் கனலில் சுட்ட கஃப்தாவுக்கு க்சாரா, நெடுநேரம் வெந்த ஆட்டுத் தொடைக்கு முசார். எலுமிச்சை தூக்கலான தபூலே என்ற கீரை சாலட் இரண்டையும் கெடுக்கும். லெபனானில் மெஸ்ஸே என்ற சிறுதட்டு உணவுகளுக்கு அரக் ஊற்றும் பழக்கம் சும்மா வந்ததில்லை. தண்ணீர் விட்டதும் பால்போல வெளுக்கும் அந்தச் சோம்புச் சாராயத்துக்கு எந்தப் புளிப்பும் ஒரு பொருட்டல்ல.

என் தேர்வைக் கேட்டால், முதல் குப்பி க்சாராவாகவே இருக்கட்டும். துவர்ப்பு, புளிப்பு, பழம், மரம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லத் தெரிந்த பிறகு முசாருக்கு வாருங்கள். இல்லையென்றால் கூடுதலாகக் கொடுத்த காசு வீண். ஆனால் மனம் கொடுத்தது முசாருக்குத்தான். அதிலும் ஒபைதே, மெர்வா என்ற உள்ளூர்த் திராட்சைகளில் செய்த அதன் வெள்ளை ஒயினுக்கு. அதைச் சில்லென்று குடித்தால் பாதி வாசம் மறைந்துவிடும். 15 டிகிரி போதும்.

இரண்டையும் ஒரே மாலையில் திறந்தால் க்சாராவை முதலில் ஊற்றுங்கள். முசாரில் ஒரு கிளாஸ் அளவு மிச்சம் வைத்து, மூடி, மறுநாள் குடித்துப் பாருங்கள். முந்தைய இரவு இல்லாத ஒரு வாசம் அதில் இருக்கும்.