பில்லில் புது ஃபில்டர், வண்டியில் துருப்பிடித்த பழைய ஃபில்டர்

கடற்கரை ஊர்களிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கார் சர்வீஸ் விடப் போகிறவர்கள், போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு உச்சிப்புளியில். வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனி ஷோரூமில்தான் ஆயில் மாற்றி வந்தேன். போன மாதமும் அப்படித்தான். காலையில் வண்டியை விட்டேன். பட்டறைக்குள் வரக்கூடாது என்று கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் 6,840 ரூபாய்க்கு பில் வந்தது. நான் கேட்காத எஞ்சின் ஃப்ளஷ்கூட (எஞ்சின் உள்பக்கத்தைக் கழுவும் திரவம்) அதில் இருந்தது. கேட்டதற்கு, "எல்லா வண்டிக்கும் போடுறதுதான் சார்" என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை போர்டிகோ சிமெண்டில் ஆயில் சொட்டியிருந்தது. பாம்பனில் போட் எஞ்சின் வேலை பார்க்கும் மாமாவை வரச் சொன்னேன். முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டார்ச்சோடு அடியில் போனார்.

"மாப்ள, பில்லுல ஃபில்டர் மாத்துனதா போட்டிருக்கா?"

"ஆமா மாமா."

"அப்ப நீயே வந்து பாரு."

ஆயிலை வடிகட்டும் அந்த ஃபில்டர் டப்பாவின் விளிம்பு முழுக்கத் துரு. நம் பக்கத்து உப்புக்காற்றில் தகரம் ஒரு வருடத்தில் அப்படி ஆகும், மூன்று நாளில் ஆகாது. உடனே போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. ஃபில்டரோடு சேர்த்தே 3.1 லிட்டர் என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. அவர்கள் பில் போட்டது 3.5 லிட்டர். கோட்டை ரொம்பத் தாண்டி ஊற்றினால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. பழைய ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதன் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலே எஞ்சினுக்குள் ஓடும். நூற்று சொச்சம் ரூபாய் ஃபில்டருக்காக எஞ்சினையே பணயம் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

சொட்டியதற்குக் காரணம், பழைய ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் ட்ரெயின் போல்ட். பழைய வாஷரையே போட்டு, ஏர் கன்னால் முறுக்கியிருந்தார்கள். மாமா போல்ட்டைக் கழற்றியபோது மரையும் சேர்ந்து வந்துவிட்டது. ஆயில் நிற்கும் அடித்தொட்டியான சம்ப்பையே மாற்ற வேண்டியதாயிற்று.

வாரண்டி உள்ள வண்டி என்றால் வீட்டில் கைவைக்காதீர்கள், பிறகு ஏதாவது கேட்கப் போனால் அதையே காரணம் காட்டுவார்கள். ஆனால் விடும் முன் ஃபில்டரில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், கழற்றிய பழைய ஃபில்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு வீட்டிலேயே மாற்றலாம். ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாம் சேர்த்து எனக்கு 2,000 ரூபாய்கூட ஆகவில்லை. வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் அடியில் போகாதீர்கள். நம் மணல் தரையில் ஜாக்கி சாய்ந்துவிடும், சிமெண்ட் தரையில் ஸ்டாண்டு கொடுத்தே போங்கள். புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினால் போதும். வடித்த ஆயிலைக் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுங்கள். மண்ணில் ஊற்றினால் கிணற்றுத் தண்ணீர் கெடும். வாய்க்காலில் ஊற்றினால் மீனும் பவளப்பாறையும் இருக்கிற மன்னார் வளைகுடாவில் போய்ச் சேரும்.

போட்டோவோடு ஷோரூமுக்குப் போனேன். "பையன் மறந்துட்டான் சார்" என்று ஃபில்டர் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். சம்ப்புக்குக் கைவிரித்துவிட்டார்கள். போல்ட்டைக் கழற்றியது நாங்கள்தானே, மரை போனதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம். கழற்றும் முன் போல்ட்டையும் ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.