செட்டிநாட்டுச் சாலைகளுக்கு ஏற்ற கிளட்ச் எது? டர்போ மேனுவல் கார்களுக்கான ஓர் ஒப்பீட்டு அலசல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் ஸ்கோடா லாரா விஆர்எஸ், ஃபியட் அபார்த் புன்ட்டோ, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி போன்ற மேனுவல் கியர் டர்போ கார்களை வைத்திருப்பவர்கள், கிளட்ச் மாற்றும் நேரம் வந்ததும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கம்பெனி செட்டையே மறுபடியும் போடுவதா, கூடுதல் அழுத்தம் தரும் பிரஷர் பிளேட்டுக்கு (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தகடு) போவதா, பந்தயக் கார்களில் இருக்கும் செராமிக் பிளேட்டைத் தருவிப்பதா என்பதே அந்தக் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ஜின் தரும் உச்ச முறுக்குவிசையை மட்டும் பார்த்துக் கிளட்ச்சைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தக் கார் நாள்தோறும் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் எங்கெங்கே ஊர்ந்து போகிறது என்பதற்கும் அதே அளவு மதிப்புக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது கணக்கைப் பெரும்பாலோர் போடுவதே இல்லை.

முதல் கணக்கு எளியது. ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையை நழுவாமல் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: லைனிங்கின் (பிளேட்டின் முகத்தில் இருக்கும் உராயும் படலம்) உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. இந்த நான்கையும் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். 228 மி.மீ. வெளிவிட்டமும் 150 மி.மீ. உள்விட்டமும் உள்ள ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சராசரி ஆரம் சுமார் 95 மி.மீ. ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்த வழக்கமான வகை) லைனிங்கின் உராய்வுக் கெழுவை 0.3 என்றும், அழுத்து விசையை 5500 நியூட்டன் என்றும் வைத்தால், இரண்டு பரப்புகளுக்குமாகச் சுமார் 310 நியூட்டன் மீட்டர் வருகிறது. 250 நியூட்டன் மீட்டர் தரும் என்ஜினுக்கு இது கால் பங்கு உபரி. புதிய கார் வெளிவரும்போது தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ இப்படியொரு உபரியை வைத்துத்தான் கிளட்ச்சைப் பொருத்துகிறார்கள்.

விர்ட்டஸ் ஜிடியின் 1.5 லிட்டர் என்ஜின் 150 பிஎஸ் சக்தியும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது; லாரா விஆர்எஸ்ஸின் 1.8 டிஎஸ்ஐ என்ஜினுக்கும் அதே 250தான். அபார்த் புன்ட்டோவுக்கு 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டர். இவற்றில் எதையும் கை வைக்காமல் கம்பெனி அமைப்பிலேயே ஓட்டுபவருக்கு இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது. கம்பெனி அளவிலான புதிய செட்டே போதும். சிக்கல் ரீமேப் செய்தவர்களுக்குத்தான், அதாவது என்ஜினின் கணினி அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டியவர்களுக்குத்தான். 1.8 டிஎஸ்ஐ போன்ற என்ஜினில் ரீமேப் செய்தால் முறுக்குவிசை 320ஐத் தாண்டுவது வழக்கம். அதுவும் நிமிடத்துக்கு 2000 சுற்றை ஒட்டிய தாழ்ந்த வேகத்திலேயே முழுவதுமாக வந்து நிற்கும். அதனால்தான் இந்த வண்டிகளில் கிளட்ச் நழுவுவது முதல் கியரில் தெரிவதில்லை. திருமயம் சாலையில் ஐந்தாவது அல்லது ஆறாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், டாக்கோமீட்டர் முள் மட்டும் சட்டென்று ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல் நிற்கும். அந்த இடத்தில்தான் முதலில் தெரியும்.

இரண்டாவது கணக்கு வெப்பம் பற்றியது. நின்றிருக்கும் வண்டியை நகர்த்தும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வரை நழுவித்தான் ஆக வேண்டும். அந்த நழுவலில் பிறக்கும் வெப்பம், பிடித்து முடித்த கணத்தில் வண்டி பெற்றிருக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். 1400 கிலோ எடையுள்ள காரை 1500 சுற்றில் மெதுவாக விட்டு மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் பிடிக்கவைத்தால் சுமார் 8 கிலோஜூல். அதே காரை 4500 சுற்றில் விட்டு 36 கி.மீ. வேகத்தில் பிடிக்கவைத்தால் சுமார் 70 கிலோஜூல். சுற்று மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகிறது. இதோடு இன்னொரு வகை வெப்பமும் உண்டு. வண்டி நகராமலும் நிற்காமலும் ஹாஃப் கிளட்ச்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு நொடியும் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் வேகமானிக்கு அது தெரியாது.

செட்டிநாட்டில் அந்த இரண்டாம் வகைக்குக் குறைவே இல்லை. இங்குள்ள பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடப்பவை. வீடே உயர்ந்த அடித்தளத்தின் மேல் நிற்கும். கார் ஷெட் பெரும்பாலும் பின் தெருவில் இருக்கும். குறுகிய தெருவில் வண்டியைத் திருப்பி, தெருமட்டத்திலிருந்து ஏறும் சரிவில் ரிவர்ஸில் நத்தை வேகத்தில் ஏற்றி, இரு பக்கமும் சுவரில் உரசாமல் உள்ளே விட வேண்டும். சித்திரை வெயிலில் இதைச் செய்து முடிக்கும்போது கிளட்ச்சிலிருந்து கருகிய வாடை வருவதை இங்கே கார் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். செக்காலை ரோட்டின் மாலை நேர நெரிசல், சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போகும் கூட்டம், தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை புறப்படும் நாட்களில் காவடிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் வாகன வரிசை ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பந்தயத்துக்கென்று வடிவமைத்த கிளட்ச் இந்த இடங்களில்தான் தோற்கிறது.

இனி ஒவ்வொன்றாக வருவோம். கம்பெனி அளவிலான ஆர்கானிக் செட்டின் பெரும்பலம் அதன் மென்மை. பிளேட்டின் இரு லைனிங்குகளுக்கும் நடுவே அலைபோல் வளைந்த மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். பிரஷர் பிளேட் நெருங்க நெருங்க அவை படிப்படியாகத் தட்டையாவதால் பிடிப்பும் படிப்படியாகக் கூடுகிறது. ரிவர்ஸில் சரிவேறும்போது ஓட்டுநரின் கால் அடையாளம் காண்பது இந்த இடைவெளியைத்தான். லூக், சாக்ஸ், வாலியோ, எக்ஸெடி ஆகிய பெயர்களில் வரும் செட்டுகள் பெரும்பாலும் கார் தயாரிப்பாளர்களுக்கே கிளட்ச் செய்து கொடுப்பவர்களுடையவை என்பதால், போலி அல்லாத பெட்டி கிடைத்தால் தரத்தில் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ரீமேப் செய்த வண்டிக்கு இது முற்றிலும் பொருந்தாது. மேலே போட்ட கணக்குப்படி 310 தாங்கும் கிளட்ச்சிடம் 320ஐக் கேட்டால் அது புதிதாக இருக்கும்போதே விளிம்பில் நிற்கும். ஆர்கானிக் லைனிங் மிகையாகச் சூடேறினால் அதன் உராய்வுக் கெழு மேலும் இறங்கும். ஒருமுறை நழுவத் தொடங்கினால் வெப்பம் ஏறி, வெப்பம் ஏறியதால் இன்னும் நழுவி, சில மாதங்களில் காரியம் முடிந்துவிடும்.

அடுத்தது, பிளேட்டை ஆர்கானிக்காகவே வைத்துக்கொண்டு பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தை மட்டும் கூட்டுவது. அழுத்து விசையை 30 சதவீதம் கூட்டினால் அதே 310 நியூட்டன் மீட்டர் 400ஐத் தொடுகிறது. லைனிங் முழு வட்டமாகவே இருக்கும்; அலைத்தகடுகளும் நடு ஸ்பிரிங்குகளும் அப்படியே இருக்கும்; எனவே பிடிக்கும் மென்மை பெரிதாகக் கெடுவதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை இடது காலில் தெரியும். பெடல் கனமாகும், நெரிசலில் முழங்கால் அதைச் சொல்லும். பலரும் கவனிக்காத இன்னொரு விலையும் உண்டு. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் விசை ரிலீஸ் பேரிங் (பெடலின் அழுத்தத்தைப் பிரஷர் பிளேட்டுக்குக் கொண்டுசெல்லும் பேரிங்) வழியாக கிராங்க் ஷாஃப்டைத் தள்ளுகிறது. அதைத் தாங்குவது கிராங்க்கின் திரஸ்ட் பேரிங். சிக்னலில் கியரிலேயே கிளட்ச்சை மிதித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் உள்ளவர், இந்த வகைக்கு மாறும் நாளிலிருந்து நியூட்ரலுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். பெடலின் ஹைட்ராலிக் அமைப்பில் பழைய சீல்கள் இருந்தால் அவையும் கூடுதல் அழுத்தத்தில் கசியத் தொடங்கலாம். இவ்வளவையும் அறிந்தே, 350 நியூட்டன் மீட்டர் வரை போகும் தெருக் காருக்கு இந்த வகையையே பரிந்துரைப்பேன். 350 கேட்கும் வண்டியிடம் 400 தாங்கும் கிளட்ச் இருப்பது போதுமான உபரி; 600 தாங்குவதை வாங்கிப் போட்டால் அந்த மீதி உபரி ஒருநாளும் வேலைக்கு வராது, அதன் முரட்டுத்தனம் மட்டும் தினமும் வந்து நிற்கும்.

கெவ்லார் என்ற வலுவான செயற்கை நாரால் லைனிங் செய்த பிளேட்டைப் பற்றி நம் ஊர்களில் நிலவும் எண்ணம் கொஞ்சம் மிகையானது. அது நீண்ட நாள் உழைக்கும், மென்மையாகவும் பிடிக்கும்; இரண்டும் உண்மை. ஆனால் அதன் உராய்வுக் கெழு ஆர்கானிக்கைவிடப் பெரிதாக உயர்ந்ததல்ல. ஆகவே கெவ்லார் என்பதற்காகவே தாங்கும் திறன் கூடிவிடாது, அழுத்தத்தையும் கூட்டினால்தான் கூடும். மிகையாகச் சூடேறி அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துவிட்டால் பழைய பிடிப்புக்குத் திரும்புவதும் அரிது. சரிவேறுவதும் ஊர்ந்து போவதும் அன்றாடமாக உள்ள இடத்தில் இது கவலைப்பட வேண்டிய குறை.

செராமிக் பிளேட் வேறு உலகம். முழு வட்ட லைனிங்குக்குப் பதிலாக நான்கு அல்லது ஆறு வில்லைகள் மட்டும் கைகளில் பொருந்தியிருக்கும். உராய்வுக் கெழு 0.4ஐ ஒட்டிப் போவதால், பிரஷர் பிளேட்டை மாற்றாமலேயே தாங்கும் திறன் 400ஐ எட்டிவிடும், பெடலும் கனமாகாது. எடை குறைவு என்பதால் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களுக்கு வேலை குறையும். ஆர்கானிக் கைவிடும் வெப்பத்திலும் இது தளராது. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட்டுவதற்கென்றே கார் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதே காரைப் பின்கட்டுச் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிடித்தால் முழுப் பிடி, விட்டால் முழு விடுதல். நடுவில் கால் நிற்க இடமில்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறும். குலுக்கலைத் தவிர்க்க ஓட்டுநர் சுற்றைக் கூட்டுவார். சுற்றைக் கூட்டினால் வெப்பக் கணக்கு ஒன்பது மடங்குப் பக்கம் நகரும். என்ஜின் மவுண்டிங்குகளும் ஆக்ஸில் மூட்டுகளும் அந்த அடியை வாங்குகின்றன. பிளேட் உராயும் ஃப்ளைவீலின் (என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரம்) முகமும் விரைவாகத் தேய்கிறது. இரட்டைப் பிளேட் கிளட்ச்சைப் பற்றி ஒரு வரி போதும்: உராயும் பரப்பு நான்காவதால் அதே அழுத்தத்தில் திறன் இரு மடங்காகும், ஆனால் 500 நியூட்டன் மீட்டருக்குக் கீழே அதன் விலைக்கும் இரைச்சலுக்கும் நியாயமில்லை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய பிளேட்டைக் கொடுத்துப் புது லைனிங் ரிவெட் அடித்து வாங்குவதும், பிரஷர் பிளேட்டை லேத்தில் முகம் சீவி மாட்டுவதும் இங்கே தலைமுறைப் பழக்கம். ஷெட்டில் நிற்கும் அம்பாசடருக்கும் வயலில் ஓடும் டிராக்டருக்கும் இது நல்ல வழி. உதிரி கிடைக்காத பழைய வண்டிகளை ஓட வைத்திருப்பதே அந்தக் கைவேலைதான், அதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. டர்போ காருக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். 228 மி.மீ. பிளேட் 6500 சுற்றில் சுழலும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. தவறிப்போய் நான்காவதுக்குப் பதில் இரண்டாவது கியருக்கு இறக்கிவிட்டால், கிளட்ச் மிதிபட்டிருக்கும் நிலையிலேயே சக்கரங்கள் பிளேட்டை அதற்கு மேலும் சுழற்றிவிடும். அந்த வேகத்துக்குச் சோதிக்கப்படாத லைனிங் சிதறினால் கிளட்ச்சைச் சுற்றியுள்ள கியர்பாக்ஸின் மணி வடிவ உறை (பெல் ஹவுசிங்) வரை உடையும். முகம் சீவிய பிரஷர் பிளேட் மெலிந்துவிடுவதால் வெப்பத்தை உள்வாங்கும் திறனும் குறைகிறது.

எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன், கழற்றிய பழைய பிளேட்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லைனிங் ரிவெட் தலை வரை சீராகத் தேய்ந்திருந்தால் அது இயல்பான வயது. முன்பிருந்த வகையே போதுமானதாக இருந்தது என்று பொருள். லைனிங் இன்னும் தடிப்பாக இருந்து, பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகளும் மெல்லிய விரிசல்களும் தெரிந்தால் அது வெப்பத்தால் கெட்டது. திறன் போதவில்லை, அல்லது ஹாஃப் கிளட்ச் பழக்கம் இருக்கிறது. லைனிங்கின் ஒரு பகுதி மட்டும் கறுத்துப் பிசுபிசுத்திருந்தால், குற்றம் கிளட்ச்சில் இல்லை. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது. அந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து எந்த வகையைப் போட்டாலும் அது நழுவத்தான் செய்யும்.

ஃப்ளைவீல் பற்றிய கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும். லாரா போன்ற வண்டிகளில் இருப்பது இரண்டு பகுதிகளாகப் பிரிந்து நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள் கொண்ட டூயல் மாஸ் வகை. என்ஜினின் துடிப்புகளை கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் விழுங்குவது அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு ஒற்றை நிறை ஃப்ளைவீல் போட்டால் எடை குறையும், என்ஜின் சுற்று சுறுசுறுப்பாக ஏறும், பிற்காலத்தில் முகம் சீவியும் பயன்படுத்தலாம். ஆனால் ஐட்லிங்கில் கியர்பாக்ஸ் கடகடக்கும். சுற்றை ஏற்றாமல் மெதுவாக நகர்த்துவதும் கடினமாகும், ஏனென்றால் இலகுவான ஃப்ளைவீலில் சேமிப்பு ஆற்றல் குறைவு. பழையது கையால் திருப்பும்போது அளவுக்கு மீறி ஆடாமலும், கிரீஸ் வெளியே வழியாமலும், முகத்தில் நீலத்திட்டு இல்லாமலும் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. கெட்டிருந்தால் புதிய டூயல் மாஸ் வாங்குவதற்கே என் வாக்கு. விலை உறுத்தும் என்பது தெரியும். ஆனால் ஊர்ந்து போகும் வேலை அதிகமுள்ள இடத்தில் அதன் மதிப்பு தினமும் தெரியும்.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி பெரிது என்பதால், இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றிவிட வேண்டும். ரிலீஸ் பேரிங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரும் ஒன்றாக கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. கோணம் வைத்து முறுக்கும் ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறைக்கானவை. பழையவற்றை மறுபடி பூட்டக் கூடாது. பிரேக்கும் கிளட்ச்சும் ஒரே டப்பாவிலிருந்து எண்ணெய் எடுக்கும் வண்டிகளில் அந்த எண்ணெயையும் புதிதாக நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும்.

புதிய கிளட்ச்சைப் பழக்கும் விதத்திலும் வகைகளுக்குள் வேறுபாடு உண்டு. ஆர்கானிக் பிளேட்டுக்கு 500 முதல் 800 கி.மீ. வரையும், கெவ்லாருக்கு ஆயிரத்தை ஒட்டியும் மென்மையான ஓட்டம் வேண்டும். அதுவரை முழு ஆக்ஸிலரேட்டர் கூடாது. இதில் கணக்கில் வருவது தூரம் அல்ல, கிளட்ச் பிடித்து விட்ட தடவைகள். மதுரைக்கு ஒரே கியரில் போய்த் திரும்பினால் கிலோமீட்டர் ஏறும், லைனிங் அப்படியே இருக்கும். காலை நேரத்தில், வெயில் ஏறுவதற்கு முன், காரைக்குடி ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓட்டுவதுதான் இதற்கு ஏற்ற ஓட்டம்.