நரம்பு எரிவுக்கு முகநூலில் மருந்து வாங்குபவர்கள் கவனம்!

42,500 ரூபா. மாரி மழைக்கு முன் கூரை மாற்ற வேண்டும் என்று அக்கா சீட்டுப் பிடித்து வைத்திருந்த காசு. முகநூலில் நேரலை போட்டு இயற்கை மருந்து விற்கும் ஒரு பக்கத்துக்குப் போய்விட்டது. பெயரை எழுதவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அக்காவுக்குச் சரவாங்கி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்கும் வருத்தம். கிழமைக்கு ஒரு நாள் மெதொட்ரெக்சேட், தினமும் பிரட்னிசொலோன், இரண்டும் அந்தச் சக்தியை அடக்கும் குளிசைகள். மூட்டு வீக்கம் ஓரளவு அடங்கிவிட்டது. ஆனால் இரவானால் இரண்டு பாதமும் எரியும், ஊசி குத்தும், போர்வை பட்டாலே தாங்காது. விசுவமடுவில் விடியக்காலை பஸ் ஏறி, கிளினிக்கில் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை காத்திருந்தாலும் டொக்டரோடு கதைக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே அவ்வளவு சனம்.

அந்த இடத்தில்தான் இந்த 'ஆலோசகர்' புகுந்தான். போனில் முதலில் மருந்துப் பேச்சே இல்லை. "அக்கா, எரிவு எத்தனை மணிக்கு எழுப்புது? ஈரத்துணி போட்டால் குறையுதோ? முத்தத்தில வெறுங்காலோட நடக்க ஏலுமோ?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். தன் தாய்க்கும் இதே வருத்தமாம். அக்கா அழுதுவிட்டார். இத்தனை வருடத்தில் அவரிடம் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. "நல்ல பிள்ளை, விளங்கிக் கதைக்குது" என்று என்னிடம் சொன்னார். அடுத்த நாளே விலை வந்தது. மூன்று மாதக் கோர்ஸ், 42,500 ரூபா, முழுக்காசும் முதலில் வங்கியில் போட வேண்டும். நோயெதிர்ப்புச் சக்தி ஏறுமாம், நரம்பு புதுசாகுமாம், கிளினிக் குளிசையை விட்டுவிடலாமாம். எதிர்ப்புச் சக்தி தறிகெட்டுப் போய்த்தான் மனுசி இந்தப் பாடு படுகிறார், அதை இன்னும் ஏற்றுகிறானாம்!

குளிசையும் ஒரு தூளும் வந்தன. எரிவு குறையவில்லை. விறைப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியது, செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்தார். கேட்டால், "அது கழிவு வெளியேறுற அறிகுறி, டோஸைக் கூட்டுங்கோ." பிறகு, "மனேஜர் எடுப்பார்." பிறகு ஒரு பிள்ளை எடுத்து, "ஆளாளுக்கு உடம்பு வேற, பெட்டி உடைச்சால் காசு திருப்ப ஏலாது" என்றது. அதற்குப் பிறகு மெசேஜை வாசிப்பார்கள், பதில் வராது. புது ஆள் மாதிரி என் நம்பரில் இருந்து எடுத்தேன். அதே ஆள், அதே இனிப்பு, அதே தாயின் கதை. அக்காவின் பெயரைச் சொன்னதும் கட் பண்ணிவிட்டான். 42,500 ரூபாவுக்கு ஒரு பற்றுச்சீட்டுக் கூட இல்லை.

பெட்டிகளை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் லேபிளைப் பார்த்தார். ஒரு குளிசையில் வைட்டமின் பி6 100 மில்லிகிராம், நாளுக்கு மூன்று போடச் சொல்லியிருந்தார்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவை 1.3 முதல் 1.7 மில்லிகிராம் வரைதான். பி6 அளவு மீறித் தொடர்ந்து போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும், விறைப்பு வரும். நரம்பு மருந்து என்று விற்றதே இதைத்தான்! தூளில் அமுக்கிரா என்ற மூலிகை. அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடியது, சிலருக்கு ஈரலையும் தாக்கும். மெதொட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு ஏற்கனவே இரத்தம் சோதித்து ஈரலைப் பார்த்துக்கொண்டுதான் மருந்து தருகிறார்கள். அவன் அனுப்பிய குளிசையையும் தூளையும் நிறுத்தி, சீனி, பி12 எல்லாம் சோதிக்க எழுதித் தந்திருக்கிறார். பி12 குறைந்தாலும் இப்படி எரியுமாம். நல்லகாலம், அவன் விடச் சொல்லியும் அக்கா பிரட்னிசொலோனை விடவில்லை. நீண்டகாலம் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாம்.

சித்த வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. அரச சித்த வைத்தியசாலையில் ஆளைப் பார்த்துத்தான் மருந்து தருகிறார்கள். ஆளைப் பாராமல் போனில் விற்பவனைத்தான் சொல்கிறேன்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. 'எதிர்ப்புச் சக்தி கூடும்' என்றால் வாங்காதீர்கள். கிளினிக் குளிசையை விடச் சொன்னால் போனை வையுங்கள். எந்தப் பெட்டியையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் குடியுங்கள். தனி ஆளின் கணக்குக்கு முழுக்காசும் போடாதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற போன் நம்பரில் சொல்லுங்கள், வங்கியில் காசு போட்ட துண்டை எறியாதீர்கள். இதே தாயின் கதையைக் கேட்டுக் காசு போட்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த முறைப்பாட்டைச் சேர்ந்து கொடுப்போம்.