ஒரு சிறுநீரகத்துக்கு எவ்வளவு? நான்கு கணக்குகள், நான்கு விடைகள்

கை போனால் கண்ணுக்குத் தெரியும். விரல் போனால் எண்ணிக் காட்டலாம். மண்ணீரலை எடுத்துவிட்டு வீடு திரும்பியவர் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தால், அவருக்கு என்ன போயிற்று என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. இழப்பீட்டுச் சட்டங்கள் பலவும் கை, கால், கண் என்று வெளியே தெரிவதை வைத்துத்தான் எழுதப்பட்டன. உள்ளுறுப்புகள் அவற்றில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டன, சிலவற்றில் இன்னும் ஒட்டவே இல்லை. அதனால் ஒரே காயத்துக்கு இடத்துக்கு இடம் விடை மாறுகிறது.

ஒருவரை வைத்துப் பார்ப்போம். வயது 30. விபத்தில் ஒரு சிறுநீரகம் போய்விட்டது, மற்றது நன்றாக வேலை செய்கிறது. இவரை நான்கு கணக்குக்குள்ளும் நுழைத்து வெளியே எடுக்கலாம்.

முதலில் வாரக் கணக்கு. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கான சட்டம் ஒவ்வொரு உறுப்புக்கும் இத்தனை வாரச் சம்பளம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. தோள் வரை முழுக் கைக்கு 312 வாரம், கண்ணுக்கு 160, கட்டைவிரலுக்கு 75. சிறுநீரகத்துக்கு 156 வாரம், அதாவது மூன்று வருடம். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும், வீட்டில் நம்பியிருப்பவர்கள் உண்டென்றால் முக்கால் பங்கு. நம் ஆளுக்கு இங்கே பேரம் பேச வேண்டிய வேலையே இல்லை. பட்டியலில் விரலை வைத்துக் காட்டினால் முடிந்தது.

ஆனால் அவருக்குப் போனது மண்ணீரலாக இருந்தால்? பட்டியலில் அது இல்லை. கல்லீரல், கணையம் இரண்டும்கூட இல்லை. பெயர் இல்லாத உறுப்புக்கு இந்தப் பட்டியல் வழியாகப் பணம் வராது. இன்னொன்றும் இருக்கிறது: மூளை, இதயம், முதுகு மூன்றும் 'உறுப்பு' என்ற சொல்லுக்குள் வராது என்று சட்டமே வரையறை செய்து வைத்திருக்கிறது. நாக்குக்கு 160 வாரம் உண்டு, இதயத்துக்கு ஒரு வாரமும் இல்லை! மருத்துவச் செலவும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான பணமும் தனி வழியில் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் உறுப்பு போனதற்கென்று தரும் தொகையில் இப்படி ஓட்டை இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது சதவீதக் கணக்கு. நியூசிலாந்தில் 1974 முதலே, யார் தவறு என்று கேட்காமல் விபத்துக் காயத்துக்கு அரசு அமைப்பே பணம் தருகிறது. பதிலுக்கு, இழப்பீடு கேட்டுத் தனி வழக்குப் போடும் வழி அடைபட்டுவிட்டது. நிரந்தரப் பாதிப்புக்கான மொத்தத் தொகை, முழு உடலில் எத்தனை சதவீதம் கெட்டது என்பதைப் பொறுத்தது. அளவுகோல், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கையேடு, நான்காம் பதிப்பு. 10 சதவீதத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. சட்டத்தில் எழுதிய அடிப்படைத் தொகை 10 சதவீதத்துக்கு 2,500 நியூசிலாந்து டாலர், 80-ம் அதற்கு மேலும் என்றால் 1,00,000. விலைவாசியோடு இந்தத் தொகைகள் ஏறிக்கொண்டே வரும்.

அந்தக் கையேட்டில் ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு எத்தனை சதவீதம் தெரியுமா? சரியாக 10. நம் ஆள் வாசற்படியை நுனிக்காலில் தாண்டி உள்ளே வருகிறார். கிடைப்பது கீழ்த்தட்டுத் தொகைதான். ஆனால் சிகிச்சைச் செலவையும், வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாரச் சம்பளத்தில் 80 சதவீதத்தையும் இதே அமைப்பு தனியாகத் தருகிறது. அதனால் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கஞ்சத்தனம் என்று சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது, வலிக்கான கணக்கு. எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று பார்க்க இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்கள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டியின் 17-ஆம் பதிப்பு 2024-இல் வந்தது. ஒரு சிறுநீரகம் போய், மற்றது பழுதில்லாமல் இருந்தால் 37,550 முதல் 54,760 பவுண்டு வரை. இரண்டுமே போனால் 2,06,730 முதல் 2,56,780 வரை. இது வலிக்கும், வாழ்க்கையில் இழந்த சுகத்துக்கும் மட்டுமே. சம்பள இழப்பு, மருத்துவச் செலவெல்லாம் இதற்கு மேல் தனியாகக் கேட்க வேண்டியவை.

இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் மண்ணீரலில்தான் தெரிகிறது. மண்ணீரல் இல்லாமலும் உயிர் வாழலாம், உண்மைதான். ஆனால் ரத்தத்தில் வரும் சில கிருமிகளை வடிகட்டி அழிப்பது அது. அது போனவர் தடுப்பூசிகளைக் கணக்கு வைத்துப் போட வேண்டும். சிலர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எப்போதும் கையிலேயே வைத்திருக்கிறார்கள். மற்றவர் கஷாயம் குடித்துப் படுத்துவிடும் ஜுரத்துக்கு இவர் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. வழிகாட்டி இதைக் கவனித்திருக்கிறது. தொற்று அபாயம் தொடர்ந்தால் 25,380 முதல் 32,090 பவுண்டு, அபாயம் மிகக் குறைவு என்றால் 5,290 முதல் 10,550. எடுத்த உறுப்பு ஒன்றுதான், விட்டுப்போன பயத்தைப் பொறுத்துத் தொகை மூன்று மடங்கு தாண்டிப் போகிறது. வேலைக்கே போகாத ஒருவருக்கும் இந்தப் பணம் உண்டு என்பது எனக்கு இன்னும் பிடித்த விஷயம்.

நான்காவது, சம்பாத்தியக் கணக்கு. இந்தியாவில் சாலை விபத்து என்றால் தீர்ப்பாயம் முக்கியமாகக் கேட்பது, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மருத்துவர் எழுதித் தரும் ஊன சதவீதமும் வருமான இழப்பு சதவீதமும் ஒன்றல்ல. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம்.

நம் ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் வருமானம், சொந்தத் தொழில், திறன் இழப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அதில் 20 சதவீதம் 50,400. 30 வயதுக்கான பெருக்கு எண் 17. ஆக 8,56,800 ரூபாய். வலிக்கும் வைத்தியத்துக்கும் உள்ளது தனி.

இதே ஆள், அதே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில் அடிபட்டிருந்தால்? தொழிலாளர் இழப்பீட்டில் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போட்டுத் தந்த, 2025-இல் அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பிலும் தொடரும் கணக்கு வேறு. சம்பளத்தில் 60 சதவீதமான 9,000-ஐ, 30 வயதுக்குரிய 207.98-ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுக்க வேண்டும். வருவது 3,74,364 ரூபாய். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இதன் லாபம். அதற்காக ரோட்டில் போன சிறுநீரகத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட வேலையிடத்தில் போனதற்கு வராதது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. இந்தக் கணக்குக்கான காயப் பட்டியலில் விரல் நுனிவரை இருக்கிறது, சிறுநீரகம் இல்லை. அதனால் சதவீதத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் 'மற்றது இயல்பாக இயங்குகிறது, வேலைக்குத் தடையில்லை' என்று எழுதிவிட்டால் திறன் இழப்பு பூஜ்யத்தை நோக்கிச் சரியும். அப்போது இரண்டு கணக்கிலும் பெருக்கு எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

அப்புறம், பணம் வாங்கிய பிறகு மிச்சமிருந்த சிறுநீரகமும் கெட்டால்? வருமானக் குறைவை வைத்து ஒரே தடவையில் போட்டு முடிக்கும் கணக்கில் இதற்கு இடம் குறைவு. இங்கிலாந்தில் தற்காலிக இழப்பீடு என்று ஒரு வழி உண்டு. பின்னால் இன்னது நடக்கக்கூடும் என்று தீர்ப்பிலேயே குறித்து வைத்தால், அது நடந்ததும் திரும்ப வந்து கேட்கலாம். நியூசிலாந்தில் நிலைமை மோசமானால் மறு மதிப்பீடு கேட்கலாம், 12 மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது.

எனக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், உடலுழைப்பை நம்பிப் பிழைப்பவருக்கு இந்தியச் சாலை விபத்துக் கணக்கு. சம்பளமே இல்லாத இல்லத்தரசிக்கும் ஓய்வு பெற்றவருக்கும் இங்கிலாந்தின் வழிகாட்டி. வழக்கு நடத்தத் தெம்பில்லாதவருக்கு நியூசிலாந்து. வாரப் பட்டியலுக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன், போனது பட்டியலில் உள்ள உறுப்புதான் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய.

எங்கே போனாலும் மருத்துவ அறிக்கையில் மிச்சமிருக்கும் உறுப்பைப் பற்றி எழுதும் வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். இங்கிலாந்து வழிகாட்டியில் 'மற்றச் சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை' என்றால் 54,760 பவுண்டோடு நின்றுவிடுகிறது. 'சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குக் கணிசமான அபாயம் உண்டு' என்று அதே மருத்துவர் எழுதினால் 78,080 வரை போகலாம்.