மோட்டார் சக்கரத்தில் முள் ஏறினால்: எந்த வழி தோதானது?

காங்கேயம், தாராபுரம் பக்கம் மின் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இட்டேரி என்னும் வேலிநடுவே போகும் மண்பாதைதான் சோதனைக்களம். இருபுறமும் கிளுவை வேலி, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக்குள் வெள்வேல மரங்கள், ஓரத்தில் சீமைக் கருவேலம், தரையோடு தரையாக நெருஞ்சி. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் ஓட்டுகிறவர்கள் பட்டறைகளுக்கு வெளியே சிந்திக் கிடக்கும், லேத்தில் சீவிய இரும்புச் சுருளுக்குப் பயப்பட வேண்டும். முள் மெல்லிய துளை போடும். இரும்புச் சுருள் கீறும். தடுப்பு முறைகளில் எது பலிக்கும் என்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

இன்னொன்று, மோட்டார். அது பின்சக்கரத்தின் நடுவிலேயே இருந்தால் அச்சு வழியாக ஒயர் வெளியே வரும். அச்சு தானாகச் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளத் தனி வாஷர் இருக்கும். கழற்றிய வரிசை மாறி மாட்டினாலோ, நட்டைச் சரியாக முறுக்காவிட்டாலோ அச்சு சுழன்று ஒயரை அறுத்துவிடும். அதனால் மோட்டார் இருக்கும் சக்கரத்தை மனத்தில் வைத்தே ஒப்பிடுகிறேன். முன்சக்கரத்துக்குச் சாதாரண டியூபும் பஞ்சர் ஒட்டுமே போதும்.

காற்றே தேவையில்லாத திட ரப்பர் டயரை எனக்கும் பரிந்துரைத்தார்கள். பஞ்சர் ஆகாது என்பது உண்மை. ஆனால் எடை கூடும், உருட்டத் தடை கூடும், ஒரே சார்ஜில் போகும் தூரம் குறையும். ஒவ்வொரு வேகத்தடையின் அதிர்ச்சியும் ஸ்போக்ஸுக்கும் முதுகுக்கும் நேராகப் போகும். நம் கிராமச் சாலைகளுக்கு இது வேண்டாம்.

டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பட்டை விலை குறைந்தது; முள், சுருள் இரண்டையும் தடுக்கும். அதன் இரண்டு முனைகளும் சேரும் இடம்தான் பலவீனம். அந்த விளிம்பு உராய்ந்து உராய்ந்து டியூபை அதுவே ஓட்டையாக்கிவிடும். முனையைச் சரிவாகச் சீவி மழுக்கி வைத்தால் தப்பிக்கலாம். தடித்த டியூபும் ஓரளவு உதவும், ஆனால் நீளமான கருவேல முள்ளுக்கு அது போதாது.

டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவத்துக்குத்தான் முள்காட்டில் என் முதல் ஓட்டு. முள்ளைப் பிடுங்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் நார்த் துகள்கள் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். வாங்கும்போது வகையைப் பாருங்கள். ரப்பர் பாலில் செய்தது கரூர், ஈரோட்டு வெயிலில் சில மாதங்களிலேயே உலர்ந்துவிடும். கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்தது வெகுநாள் ஈரமாக இருக்கும். குறைகளும் உண்டு. நீளமான கீறலை அது அடைக்காது. அந்த டியூபில் பிறகு ஒட்டுப் போட வேண்டுமென்றால் நன்றாகத் துடைத்துக் காயவைக்காமல் ஒட்டு நிற்காது. காற்று அடிக்கும்போது வால்வு அடியில் இல்லாமல் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் வழியில் காற்று இறங்கினால்? ஊதியூர்ப் பக்கம் ஒரு மாலை நின்றுபோனபோது, மோட்டார் சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று திகைத்தேன். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த சைக்கிள் கடைப் பெரியவர், “கழற்றவே வேண்டாமுங்க” என்றார். வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபில் ஓட்டை இருந்த பகுதியை மட்டும் வெளியே இழுத்தார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டை அழுத்தினார். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முறிந்திருந்த முள்நுனியை எடுத்த பிறகே மூடினார். அந்த நுனியை விட்டிருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் மறுபடி நின்றிருப்பேன். சங்கிலி மூடி போட்ட பழைய சைக்கிள்களுக்குக் காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது. மோட்டார் சக்கரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்க்கவில்லை.

டியூபே கிழிந்துபோனால் ஒட்டு உதவாது. வளையமாக இல்லாமல் இரண்டு முனைகளோடு வரும் டியூபை அப்போது சக்கரத்தைக் கழற்றாமலேயே மாட்டலாம். எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் டியூப்லெஸ் டயர்தான். துளையில் ரப்பர் திரியைச் செருகினால் வேலை முடிந்தது. தரையில் படும் பகுதிக்கு மட்டுமே திரி. பக்கச் சுவரில் கிழிந்தால் டயரை மாற்றிவிடுங்கள்.

காற்று குறைவாக ஓடினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பல் பட்டதுபோல் அருகருகே இரண்டு கிழிசல் விழும். மேலே சொன்ன பட்டையும் திரவமும் இதற்கு உதவாது. பாட்டரியும் மோட்டாரும் சேர்ந்து வண்டியின் எடை கூடுவதால் இது இன்னும் எளிதாக நடக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து வாரம் ஒருமுறை காற்று அடிக்கிறேன்.

பின்சக்கரத்தில் கிளைக்கால் திரவம், பையில் ஒட்டுப்பெட்டியும் சிறு பம்பும். கிளுவை வேலி வெட்டும் நாட்களில் மட்டும் இட்டேரியை விட்டுவிட்டு, தார்ச் சாலையில் சுற்றிக்கொண்டு போகிறேன்.